கோந்தக்காவும் ஐம்பத்தெட்டு ஈரப் புத்தகங்களும்

கோந்தக்கா என்றால் அந்த அலுவலகத்தில் தெரியாதவர் கிடையாது. சொந்தப் பேரைக் கேட்டால்தான் எல்லாரும் மோட்டுவளையைப் பார்ப்பார்கள். வலது கையில் மூன்று விரல்களில் எந்நேரமும் மைதாக் கோந்து காய்ந்து, வெள்ளையாக உரிந்துகொண்டிருக்கும். அந்தக் கையை ஆட்டி ஆட்டித்தான் பேசுவாள். எதிரே நிற்பவர் சட்டையில் ரெண்டு செதிலாவது விழாமல் பேச்சு முடியாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவளை விட்டுவிட்டது. அவளும் அதைத் துரத்திக்கொண்டு போகவில்லை.

ஆனால் ஊரில் யார் எந்தத் தேதியில் பிறந்தார்கள், யார் எப்போது போய்ச் சேர்ந்தார்கள் என்பதற்கெல்லாம் அவள்தான் காவல். பிறப்பு இறப்புப் பதிவேடுகள் இருக்கும் ரெக்கார்டு ரூம் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. பன்னிரண்டு படி இறங்க வேண்டும். ஜன்னல் இல்லை. கூரையை ஒட்டி நாலு வெண்டிலேட்டர் மட்டும். அதன் வழியாகப் பார்த்தால் வாசலில் போகிறவர்களின் கால்கள் தெரியும். செருப்பை வைத்தே யார் தாமதமாக வருகிறார்கள், யார் யாரோடு டீக்குப் போகிறார்கள் என்று சொல்லிவிடுவாள். பல பேருடைய ரகசியம் அந்த வெண்டிலேட்டர் வழியாகத்தான் ஊருக்குள் போனது என்று கேள்வி.

மேலே யாராவது அதிகாரியை எதிர்த்துப் பேசினால், அவர்களைக் கீழே ரெக்கார்டு ரூமுக்குத் தூக்கிப் போடுவது அங்கே வழக்கம். தூசியும் தும்மலும் தாங்காமல் மூன்றே மாதத்தில் காலில் விழுந்து மேலே வந்துவிடுவார்கள். அந்த இடத்தை மனுப் போட்டுக் கேட்டு வாங்கிய ஒரே ஆள் கோந்தக்காதான். அதற்குக் காரணம் அவள் புருஷன்.

புருஷன் பஸ் டிரைவராக இருந்தவர். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனார். கவுண்டரில் இருந்தவர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில், "நீங்க இறந்து ஏழு மாசம் ஆகுதே" என்றார்.

"ஏழு மாசமா நான் பஸ் ஓட்டிட்டு இருக்கேன் சார். தினம் ஐநூறு பேரு ஏறி இறங்குறாங்க. அவங்கல்லாம் யாரு, என்கூடப் போய்ச் சேர்ந்தவங்களா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. உங்க பேர்ல இறப்புச் சான்றிதழ் இருக்கு. பேரும் வயசும் பொருந்துது."

கோந்தக்கா அப்போது இந்தப் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் பெருக்கிக் கூட்டித் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டிருந்தாள். விஷயம் கேள்விப்பட்டதும் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் பன்னிரண்டு படியும் இறங்கினாள். பதினொரு நாள் தேடினாள். கிழிந்த இடமெல்லாம் எவனோ செலோடேப் ஒட்டிவைத்திருந்தான். அது பழுத்து மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றிருந்தது. பன்னிரண்டாம் நாள் அந்தப் பக்கம் கிடைத்தது. செத்தவருக்கும் இவருக்கும் ஒரே பேர், ஒரே வயசு. கடைசிக் கட்டத்தில் இருந்த தகப்பன் பேர் மட்டும் வேறு.

அந்த ஒரு கட்டம்தான் அவள் புருஷனை மறுபடி உயிரோடு எழுப்பிக்கொண்டுவந்தது. அலுவலகம் தப்பைத் திருத்திவிட்டது. தெரு திருத்தவில்லை. இன்றைக்கும் அவர் அங்கே 'காலமானவர்'தான். வீட்டில் கோந்தக்காவுக்குக் கோபம் வந்தால், "செத்தும் திருந்தாத ஆளு" என்பாள்.

அதற்குப் பிறகு அவள் ரெக்கார்டு ரூமை விட்டு ஏறவேயில்லை. கிழிந்ததை மெல்லிய டிஷ்யூ காகிதமும் மைதாக் கோந்தும் வைத்து ஒட்டப் பழகினாள். செலோடேப்போடு யாராவது படியிறங்கினால் அவர்களைக் கொலைகாரனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பாள்.

இந்தக் கதை நடந்தது போன மழைக்காலத்தில். மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை. திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தால் தண்ணீர் சொட்டுகிற சத்தம். நாலாம் நம்பர் ரேக்கின் உச்சியில் சொட்டி, தட்டுத் தட்டாக வழிந்து, தரை வரைக்கும் குளம். ஐம்பத்தெட்டு புத்தகங்கள் ஊறிப் பெருத்து, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. புருஷனைக் காப்பாற்றிய புத்தகமும் அந்த ரேக்கில்தான், மூன்றாவது தட்டில்.

நிமிர்ந்து பார்த்தாள். வெண்டிலேட்டர் வழியாக ஒரு புது வெள்ளைக் குழாய் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறி அதைப் பிடித்து, மேலே மூட்டு கழன்று விழும்படி வெளியே தள்ளிவிட்டாள். கூடவே வாயில் வந்ததையும் தள்ளினாள்.

மாடியிலிருந்து டைப்பிஸ்ட் ஓடி வந்தாள். அலுவலகத்தில் நடப்பதை நடப்பதற்கு முன்பே தெரிந்துவைத்திருப்பவள் அவள். படியில் நின்றபடியே விவரம் சொன்னாள். "புது ஆபீசர் ரூம் ஏசி தண்ணிதான்க்கா. அவரு புதுசா கார் வாங்கினாருல்ல, போர்டிகோல நிறுத்தினா அது மேல சொட்டுதாம். பிளம்பரைக் கூப்பிட்டு வேற பக்கம் திருப்பச் சொன்னாரு. அந்த ஆளு கிட்டத்துல இருந்த ஓட்டையில விட்டுட்டுப் போயிட்டான். மூணு நாளும் ஏசிய அணைக்காம போயிருக்காரு மனுஷன்."

"கார் நனையக் கூடாது. ஊரு ஜனம் நனையலாம்."

"மொட்டை மாடில வெயில்ல காயவெச்சிரலாமாக்கா? மழை விட்டிருக்கு."

"முன்னாடி ஒரு புண்ணியவான் அப்படித்தான் காயவெச்சான். எல்லாப் பக்கமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. இப்ப அதுல ஒரு புத்தகத்தைத்தான் கதவு சாத்தாம இருக்க முட்டுக் குடுத்திருக்கேன், பாரு."

கதவடியில் கிடந்ததைச் செங்கல் என்றே அதுவரை நினைத்திருந்த டைப்பிஸ்ட் காலை நகர்த்திக்கொண்டாள்.

கோந்தக்கா கணக்குப் போட்டாள். ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவே வெற்றுத் தாள் வைத்து, மாற்றி மாற்றி, ஃபேன் காற்றில் உலர்த்தினால் அவளால் வாரத்துக்கு நாலு புத்தகம் முடியும். சொட்டு நின்ற பிறகு ஈரப் புத்தகம் ரெண்டு நாள்தான் பொறுக்கும். மூன்றாம் நாள் பூஞ்சை பிடிக்கும். அப்புறம் கையில் எடுத்தால் வடித்த சோறு மாதிரி குழையும்.

பதினோரு மணிக்கு அதிகாரி அவளை மேலே கூப்பிட்டார். வந்து நாலு மாதமே ஆன மனிதர். தலைக்கு அடிக்கிற சாயம் காதோரம் கொஞ்சம் வழிந்திருக்கும். மேஜையில் ஒரு படிவம் தயாராக இருந்தது.

"இதுல ஒரு கையெழுத்து போடுங்கம்மா."

எழுத்துக்கூட்டாமல் படிக்க அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. 'கரையான் அரித்துப் பயனற்றுப்போன பதிவேடுகள் ஐம்பத்தெட்டு, காகிதக் கூழ் ஆலைக்கு அனுப்பலாம்' என்று இருந்தது. அழிப்புப் பட்டியலில் ரெக்கார்டு ரூம் பொறுப்பாளர் கையெழுத்து இல்லாமல் ஒரு துண்டுக் காகிதம் வெளியே போகக் கூடாது என்பது விதி.

"கரையான் வரலையே சார்."

"வந்திருக்கும். நீங்க பாத்திருக்க மாட்டீங்க."

"இருபத்தாறு வருஷமா அங்கதான் இருக்கேன் சார். எறும்பு வந்தாக்கூட என்கிட்ட சொல்லிட்டுத்தான் உள்ள வரும். இது உங்க ஏசி தண்ணி."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்தத் தண்ணியா இருந்தா என்னம்மா. எல்லாம்தான் ஸ்கேன் பண்ணியாச்சே. கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு. அந்தக் குப்பையை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க?"

"அப்ப கம்ப்யூட்டரைப் பாத்துட்டே போடறேன் சார்" என்று படிவத்தை மடித்துக்கொண்டு கோந்தக்கா நேரே டைப்பிஸ்ட்டின் மேஜைக்குப் போனாள்.

ஸ்கேன் எடுத்தது மூன்று வருஷத்துக்கு முன்னால், வெளியே ஒரு கம்பெனிக்காரர்கள். அன்றைக்குத் தொட்டு யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. டைப்பிஸ்ட் ஒரு புத்தகத்தைத் திரையில் திறந்தாள். எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தது. அதோடு பக்கத்தின் வலது ஓரத்தில் ஒரு கட்டைவிரலும் பளிச்சென்று இருந்தது. கெட்டியாகத் தைத்த புத்தகம் மூடிக்கொள்ளாமல் இருக்க எவனோ அழுத்திப் பிடித்திருக்கிறான். நகம் வெட்டாத விரல்.

"அடுத்த பக்கம் தள்ளு."

அடுத்த பக்கத்திலும் அதே விரல், அதே இடம். பத்துப் பக்கம் தள்ளினார்கள். வேறு புத்தகம் திறந்தார்கள். அதில் வேறு விரல், ஒரு மோதிரத்தோடு. எல்லா விரலும் உட்கார்ந்திருந்தது கடைசிக் கட்டத்தின் மேல். தகப்பன் பேர் எழுதுகிற கட்டம். பக்கத்துக்கு நாலைந்து தகப்பன்கள் விரலடியில் போயிருந்தார்கள்.

டைப்பிஸ்ட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இது என்னக்கா, பாதி ஊருக்கு அப்பன் இந்த ஆளா?"

"மோதிரம் போட்டவனுக்கு இன்னும் அதிகம் பிள்ளைங்க" என்றாள் கோந்தக்கா. அவள் சிரிக்கவில்லை. மூன்றாவது தட்டுப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னாள். புருஷனுடைய பேர் இருந்த வரிக்கு நேராக, மோதிரம் போட்ட விரல் நிம்மதியாகப் படுத்திருந்தது.

திரும்ப அதிகாரியின் அறைக்குப் போனாள்.

"சார், தகப்பன் பேரு என்னன்னு கேட்டா கம்ப்யூட்டர் கட்டைவிரலைக் காட்டுது. நான் கையெழுத்து போட மாட்டேன்."

"ஏம்மா, இருபது முப்பது வருஷத்துப் புத்தகம். யாரு வந்து பாக்கப்போறா?"

"நான் வந்து பாத்திருக்கேன் சார்."

அதிகாரிக்கு அந்தக் கதை தெரியாது. அவள் சொல்லவும் இல்லை. அவர் குரலை இறக்கினார். "வியாழக்கிழமை லாரி வருது. நாளைக்கு நான் ஹெட் ஆபீஸ் மீட்டிங். புதன்கிழமை காலையில ரெக்கார்டு ரூம் சாவி என் மேஜையில இருக்கணும். உங்க கையெழுத்து இல்லாட்டியும் எனக்கு வேற வழி தெரியும்."

"எனக்கும் ரெண்டு வழி தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். உண்மையில் அப்போது அவளுக்கு ஒரு வழியும் தெரியாது.

வழி வீட்டில் காத்திருந்தது, அதுவும் மீன் வடிவத்தில். தம்பி கொடுத்தனுப்பிய மீனைக் காலமானவர் கழுவிக்கொண்டிருந்தார். கல் மாதிரி உறைந்திருந்தது. "உன் தம்பி இதைப் பிடிச்சு ரெண்டு மாசம் ஆச்சாம். நேத்துப் பிடிச்ச மாதிரியே இருக்கு, பாரு" என்றார்.

கோந்தக்கா அந்த மீனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் போனை எடுத்தாள்.

தம்பிக்குச் சொந்தமாக மீன் குளிர்கிடங்கு ஒன்று இருந்தது. "என்ன வைக்கணும்க்கா?" என்று கேட்டான்.

"புத்தகம். ஐம்பத்தெட்டு. ஐஸாக்கிட்டா பூஞ்சை பிடிக்காது. வாரம் நாலா எடுத்து நான் உலர்த்திக்கிறேன்."

"மீன் நாத்தம் அடிக்குமே."

"பிறந்ததும் செத்ததும்தான்டா அதுல எழுதியிருக்கு. ரெண்டுலயும் நாத்தம் உண்டு. வண்டியை அனுப்பு."

பின்னாலிருந்து தம்பி பெண்டாட்டியின் குரல் கேட்டது. "அண்ணி, இறால் வைக்கவே இடமில்ல. இதுல இழவுக் கணக்கையும் கொண்டாந்து வைக்கப்போறீங்களா?"

"உன் கல்யாணத்துக்கு வயசுச் சான்று எங்க ரெக்கார்டு ரூம்ல இருந்துதான் வந்தது. அதுல உனக்கு எத்தனை வயசுன்னு எனக்குத் தெரியும். சொல்லட்டா?"

இடம் கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மீன் வண்டி வாசலில் வந்து நின்றது. ஓட்டிவந்தது காலமானவர். டைப்பிஸ்ட் பதறினாள். "பின்வாசல்ல நிறுத்தச் சொல்லுங்கக்கா."

"திருடுறவங்களுக்குத்தான் பின்வாசல். அந்த வெளியேற்றப் பதிவேட்டை எடு."

ரெக்கார்டு ரூமிலிருந்து எது வெளியே போனாலும் எழுத வேண்டிய தடித்த நோட்டு அது. என்ன போகிறது, எங்கே, எப்போது, யார் கொண்டுபோகிறார், என்ன காரணம் என்று ஐந்து கட்டம். கோந்தக்கா நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, அழியாத கறுப்பு மையில், குண்டு குண்டான எழுத்தில் ஐந்து கட்டத்தையும் நிரப்பினாள். மை காய ஊதினாள். மூடிவைத்தாள்.

பிறகு ஒவ்வொரு புத்தகமாக எடுத்தார்கள். திறக்கவில்லை, பிழியவில்லை. பிழிந்தால் முதுகு உடைந்துபோகும். பேக்கரியில் வாங்கிய பட்டர் பேப்பரில் சுற்றி, முதுகு கீழே இருக்கும்படி மீன் பெட்டிகளில் நிறுத்தினார்கள். ஊறிய புத்தகம் சாதாரணக் கனமா. பன்னிரண்டு படி ஏறுவதற்குள் காலமானவருக்கு மூச்சு வாங்கியது.

"இன்னொரு தடவை செத்துருவேன் போலிருக்கு."

"இந்த முறை சரியான தகப்பன் பேரைச் சொல்லிட்டுச் சாவுங்க" என்றாள் கோந்தக்கா. "அந்தப் பெட்டியைப் பாத்து. அதுக்குள்ளதான் நீங்க இருக்கீங்க."

அவர் அந்தப் பெட்டியை மட்டும் கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போனார். வரிசையில் நின்ற பொதுமக்கள் வழிவிட்டார்கள். ஒருவர், "இன்னிக்கு என்ன மீன்?" என்று கேட்டார். "பழைய மீன்தான்" என்று சொல்லிவிட்டுக் காலமானவர் நடந்தார்.

புதன்கிழமை காலையில் அதிகாரி சாவிக்காகக் காத்திருக்காமல் தானே படியிறங்கி வந்தார். நாலாம் நம்பர் ரேக் துடைத்துச் சுத்தமாக நின்றது. அவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது.

"எங்க புத்தகமெல்லாம்?"

"ஐஸ்ல சார்."

"ஐஸ்லயா? அரசாங்க ஆவணத்தை வெளியே கொண்டுபோனா என்னன்னு தெரியுமா? திருட்டுக் கேஸ். இப்பவே புகார் எழுதறேன். வேலை போகும், உள்ள போவீங்க."

கோந்தக்கா ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை அவள் யாரிடமும் காட்டாத பயம் அது. ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருந்தது. இருந்தாலும் குரல் பிசகவில்லை.

"எழுதுங்க சார். புகாரோட இதையும் வைக்கணும், அப்பத்தான் எடுப்பாங்க" என்று நோட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள்.

அதிகாரி குனிந்து படித்தார். 'பிறப்பு இறப்புப் பதிவேடு ஐம்பத்தெட்டு. மீன் குளிர்கிடங்கு. செவ்வாய் காலை பத்து பத்து. நான்.' ஐந்தாவது கட்டத்துக்கு வந்தபோது அவர் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது. 'காரணம்: அதிகாரி கார் மேல் சொட்டிய அவர் ரூம் ஏசி தண்ணீரைக் குழாய் வைத்து ரெக்கார்டு ரூமுக்குள் விட்டதால் நனைந்தது.'

அவர் நிமிர்ந்து ஒரு முறை வெண்டிலேட்டரைப் பார்த்தார்.

"புத்தகம் ஐஸ்ல இருக்கட்டும்மா" என்றார் அதிகாரி. இப்போது குரல் வேறு. "இந்தக் காரணம் மட்டும் கொஞ்சம் மாத்திருங்க. மழைத் தண்ணின்னு போடுங்க."

"எழுதினதைக் கிழிக்கக் கூடாது சார். பக்கத்துக்கு நம்பர் அடிச்சிருக்கு. அடிச்சுத் திருத்தலாம். ஆனா திருத்தின இடத்துக்குப் பக்கத்துலயே அதிகாரி முழுக் கையெழுத்தும் தேதியும் போடணும். அடியில இருக்கற எழுத்தும் தெரியணும்." கோந்து காய்ந்த விரல்களால் பேனா மூடியைத் திருகி நீட்டினாள். "போடறீங்களா?"

அவர் பேனாவைத் தொடவில்லை. படியேறிப் போய்விட்டார். வியாழக்கிழமை லாரி வந்தது. வாசலில் நின்று ரெண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பியது.

அதற்குப் பிறகு நாலு மாதம் ரெக்கார்டு ரூமில் மீன் வாசம். வாரத்துக்கு நாலு புத்தகம் ஐஸ் பெட்டியில் வரும். கோந்தக்கா அதைத் தானாக இளக விடுவாள். பக்கம் பக்கமாக, எலும்பில் செய்த ஒரு மெல்லிய மழுங்கல் கத்தியால் பிரிப்பாள், வெற்றுத் தாள் செருகுவாள், ஈரமான தாளை உருவிப் புதுத் தாள் செருகுவாள். ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். ஓரம் கிழிந்த இடத்தில் டிஷ்யூ ஒட்டுவாள். மேலே இருந்து யாரும் தாள் வாங்க அனுமதி தரவில்லை. சான்றிதழ் வாங்க வந்தவர்கள் ஆளுக்கு ஒரு கட்டு வெள்ளைத்தாள் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போனார்கள். விரல் கதை அதற்குள் ஊரெல்லாம் போயிருந்தது. யார் பரப்பினார்கள் என்று டைப்பிஸ்ட்டைக் கேட்டால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

எல்லாம் பிழைத்துவிடவில்லை. ஒரு புத்தகத்தில் முப்பத்தாறு பக்கம் நீல மையில் எழுதப்பட்டிருந்தது. அந்த மை கரைந்து வானம் மாதிரி ஆகிவிட்டது. தெரிகிற சுழியை வைத்து மேலே எழுதிவிடலாம் என்றாள் டைப்பிஸ்ட். "ஒருத்தன் உத்தேசமா பேரைப் பொருத்தித்தான் என் வீட்டுக்காரரைக் கொன்னான்" என்றாள் கோந்தக்கா. பக்கத்தை அப்படியே விட்டாள்.

காலமானவர் வாரா வாரம் பெட்டியோடு வந்து, "என் புத்தகம் வந்துச்சா?" என்று கேட்பார். பதினைந்தாவது வாரம், கடைசிப் பெட்டியில் வந்தது. கோந்தக்கா அதை இளக வைத்து, பிரித்து, அந்தப் பக்கத்துக்கு வர ரெண்டு நாள் ஆனது. ஓரம் கொஞ்சம் கோணியிருந்தது. கடைசிக் கட்டத்தில் செத்தவருடைய தகப்பன் பேர் கறுப்பாக, அழுத்தமாக, ஒரு புள்ளி குறையாமல் இருந்தது. விரல் எதுவும் இல்லை.

காலமானவர் கண்ணைச் சுருக்கி அதைப் படித்தார். "யாரு பெத்த பிள்ளையோ பாவம்" என்றார். அதுவரைக்கும் செத்த அந்த இன்னொரு ஆளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அதே வாரம் மேலேயிருந்து ஒரு மெமோ வந்தது. பதிவேடுகளில் மீன் நாற்றம் வீசுவதாகப் பொதுமக்கள் புகார் செய்கிறார்கள், மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும் என்று இருந்தது. ஐந்தாவது மெமோ அது. கோந்தக்கா அதன் அடியிலேயே, 'நாற்றம் உண்மை. கொஞ்ச நாளில் போய்விடும். காரணம் வெளியேற்றப் பதிவேட்டில் ஐந்தாவது கட்டத்தில் உள்ளது, பார்க்கவும்' என்று எழுதி, நகல் எடுத்து மேலே அனுப்பினாள்.

அசல் மெமோவை மடிக்காமல் ஒரு உறையில் போட்டாள். ஒவ்வொரு காகிதத்தையும் எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று முத்திரை குத்துவது அவள் வேலை. மூன்று வருஷம், பத்து வருஷம், நிரந்தரம் என்று மூன்று முத்திரைகள் இருந்தன. மெமோவுக்கு மூன்று வருஷம்தான் வழக்கம். அவள் நிரந்தரத்தை எடுத்தாள். மை காய்ந்திருந்ததால் ரெண்டு முறை குத்த வேண்டியிருந்தது. மற்ற நாலு மெமோவோடு சேர்த்து நாலாம் நம்பர் ரேக்கின் மேல்தட்டில், ஒரு சொட்டுத் தண்ணீர் படாத இடமாகப் பார்த்து வைத்தாள்.

வெண்டிலேட்டருக்கு வெளியே, மேலே குழாய் கழன்ற இடத்திலிருந்து ஏசித் தண்ணீர் பழையபடி அதிகாரி காரின் கூரையில் டக் டக்கென்று விழுந்துகொண்டிருந்தது. குழாயை வேறு பக்கம் திருப்ப பிளம்பர் ரெண்டு முறை வந்தான். ரெண்டு முறையும் கோந்தக்கா வெண்டிலேட்டர் வழியாகக் கையை நீட்டி, கோந்து விரலை அவன் முகத்துக்கு நேரே ஆட்டி, "இந்தப் பக்கம் வந்தே, உன் பேரையும் நோட்டுல எழுதிருவேன்" என்றாள்.